அக்காவின் அரைப் புருவம்

1931 ஜூன் 7, அம்பிட்டிய

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அக்கா மகன் மத்தியாஸின் மனைவி பெற்றீசியா எழுதுகிறாள். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, என் பேச்சைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுவாள்.

அக்கா சவேரியம்மாள் இறந்து ஆகஸ்டில் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்குள் அவள் படத்தை வீட்டில் மாட்டவேண்டுமாம். எந்தப் படம்? போட்டோ என்றாலே விளக்குமாற்றைத் தூக்கியவள் அவள். மத்தியாஸ் கண்ணை மூடினால் கடைசிப் படுக்கையில் கிடந்த முகம்தான் வருகிறதாம். அதனால் நான் முகத்தைச் சொல்ல, ஓவியர் ஒருவர் வந்து வரைவாராம். கவர்மெண்ட் கச்சேரி ஆபீசில் கிளாக்கர் ஆனதிலிருந்து இவனுக்கு இப்படித்தான் யோசனை வரும்—

பெற்றீசியாவின் பேனா நின்றுவிட்டது. எழுதம்மா, உன் புருஷன்தான், எழுது.

ஜூன் 14

ஓவியர் சோதிலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். "சொல்லுங்கோ ஐயா" என்று எதிரே உட்கார்ந்தார்.

சொன்னேன். மேடான நெற்றி, அகன்ற மூக்கு, இடது புருவம் பாதிதான். நாங்கள் கடல் கடந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கோப்பித் தோட்டத்துக்கு நடந்தபோது அம்மா காலராவில் போய்விட்டாள். அதன்பின் அக்காதான் எனக்கு அம்மா. ஒருநாள் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து அறையில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதினாள். தீ சீறியது. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தைக் கொடுத்தாள். அந்தப் புருவம்.

மத்தியாஸ் குறுக்கே வந்தான். "புருவத்த முழுசா போட்ருங்க. மூக்குக்கண்ணாடி ஒன்னு, கையில ஜெபப் புத்தகம். எங்க டொரதிய பொண்ணு பாக்க வர்றாங்க."

"ஒங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியுமாடா?"

"படத்துல உக்காந்து வாசிக்கவா போறாங்க மாமா?"

ஓவியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 21

"அம்மா ஒருத்தரையும் கடிஞ்சு பேசினதில்ல." ஓவியரிடம் இவன் சொல்கிறான்! சாகும்வரை என்னைக் கழுதை என்றே கூப்பிட்டவள். "சாமி, பிரசங்கத்த முடிங்க, ஒல கொதிக்குது" என்று கோவிலில் எழுந்து நின்றவள். கோப்பி அழிந்ததைப் பார்த்தாள், தேயிலை வந்ததைப் பார்த்தாள், புருஷனைப் புதைத்தாள், டவுனில் வீடுவீடாக மாவிடித்து இவனைப் படிக்கவைத்தாள். கடிந்து பேசாமலா இதெல்லாம் நடந்தது?

ஜூலை 5

மறுபடியும் அழித்தாயிற்று. வருகிற முகமெல்லாம் கோவிலில் நிற்கும் மாதா சுரூபம் மாதிரி வருகிறது. "இது யாருங்க?" என்று கேட்டேவிட்டேன். மற்றவர்களுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கிழவி முகம். நான் போனால் அவளும் போனாள். இது ஏன் இவர்களுக்குப் புரியவில்லை?

போதாததற்கு ஓவியர், "ஐயா, வெளிச்சப் பக்கம் கொஞ்சம் திரும்பி இருங்கோ" என்கிறார். அவள் முகத்தைக் கேட்கிறவர் என்னை எதற்குத் திருப்புகிறார்? கழுத்து வலிக்கிறது.

ஜூலை 12

மழை. ஓவியர் வரவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 2

படம் வந்தது. ஜெபப் புத்தகம் இருக்கிறது, கண்ணாடி இல்லை, புருவம் பாதிதான். மத்தியாஸ் துணியை விலக்கினான். "அம்மா" என்றான். அத்தனை பெரிய மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். என் நெற்றி! என் மூக்கு! என் தாடை! மீசையை எடுத்துவிட்டு எனக்கு அக்கா சேலையைச் சுற்றிவைத்திருக்கிறார் அந்த மனுஷன்!

"சரியா இருக்கா மாமா?"

ஒரு முடிக்கும் விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடித்தவன் நான். அவன் முகத்தைப் பார்த்தேன். "சரிதான்டா" என்றேன்.

பெற்றீசியா, இதை அவனுக்கு வாசித்துக் காட்டிவிடாதே.

ஆகஸ்ட் 9

ஆண்டுப் பூசை முடிந்து வரும் வழியில் ஹலீமின் சலூனுக்குள் போனேன். மீசையை எடுக்கச் சொன்னேன்.

"பெரியவரே, ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். எடு."

முடித்ததும் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அதில் அக்கா இருந்தாள். இடப்பக்கம் அரைப் புருவம்தான் அதிகம்.