இனோகே யாருடைய மகன்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மழை விடவில்லை. முழங்கால் வலி. மரவள்ளிக் கிழங்கு சரியாக வேகாமல் கட்டையாக இருந்தது, தேநீரில் முக்கி முக்கித் தின்றேன்.

உனைசி காலையிலிருந்து மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. என் மகள் செய்வது கதை எழுதும் வேலை. புத்தகக் கதை இல்லை, கைபேசியில் ஓடும் கதை. ஒரு கப்பல். கடலில் போவதில்லை, வானத்தில் எங்கோ ஒரு நட்சத்திரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் செனிமிலி என்று நம் ஃபிஜிப் பெண் ஒருத்தி. விளையாடுகிறவர்கள்தான் செனிமிலி. கப்பலில் இருக்கிற ஆண்களில் ஒருவன் பேசுவான். திரையில் இரண்டு மூன்று பதில் வரும். ஒன்றைத் தொட்டால் காதல் அந்தப் பக்கம் திரும்பும். நடத்துவது பிரிஸ்பேனில் ஒரு கம்பெனி. இன்ஜின் அறையில் வேலை செய்யும் இனோகே வரும் பகுதிகளை உனைசி எழுதுகிறாள். உலகத்துப் பெண்களெல்லாம் அந்த இனோகே மேல்தான் பைத்தியம்.

நேற்றுப் புது அத்தியாயம் வந்தது. இனோகே வேறு யாருமில்லை, செனிமிலியின் அம்மாவுடைய அண்ணன் மகன் என்று அதில் தெரிகிறது. அவ்வளவுதான்.

"என்னம்மா?" என்றேன்.

"திட்டுறாங்கப்பா."

"யாரு?"

"எல்லாரும்."

ஆகஸ்ட் 5, புதன்

எனக்கு எழுத்து தெரியாது. இந்தக் குறிப்பும் வாயால் சொல்லி வைப்பதுதான். கைபேசியே படித்துக் காட்டும் என்பதால், அவள் குளிக்கப் போனபோது அந்தத் திட்டுகளைப் படிக்கச் சொன்னேன். அதற்கு ஒரு பெண் குரல், கோபமே இல்லாத குரல். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கற்ற இங்கிலீஷ் எனக்குப் போதும், புரிந்தது.

ஒருத்தி: ஒரு வருஷம் இவனை நெனச்சு உருகினேன், மாமா பையனாம், குளிச்சுட்டு வந்தும் அருவருப்பு போகல.

இன்னொருத்தி: அவன் பிறந்தநாளுக்குக் கேக் செஞ்சு, பக்கத்துல உக்காந்து படமெல்லாம் எடுத்துப் போட்டேன். இப்ப ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு இருக்கேன்.

வேறொருத்தி: எழுதினவளை வீட்டுக்கு அனுப்புங்க.

அவள் வீட்டில்தான் இருக்கிறாள், அம்மா. தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, வியாழன்

காமினியேலி வந்தான். என் மாமன் மகன். செத்துப்போன என் மனைவி லானியானாவின் அண்ணன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டான்.

"என்ன மச்சான், உன் பொண்ணு கதையைப் பாத்து வெளிநாட்டுப் பொம்பளைங்க எல்லாம் வாந்தி எடுக்கறாங்களாமே. உன் மூஞ்சிய அதுல போட்டுட்டாளா?"

"உன் மூஞ்சியப் போட்டிருந்தா செத்தே போயிருப்பாங்கடா."

யாங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கினேன். இரண்டு கிண்ணம் குடித்த பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "மாமன் பையன கட்டிக்கிறதுல என்னடா அசிங்கம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. மாமன் மகனை விட்டால் வேறு யாரிடம் ஒரு பெண் அப்படி வாய் திறந்து பேச முடியும்?

லெவுகாவில் ஒரு கல்யாணத்தில்தான் லானியானாவை வளர்ந்த பெண்ணாக முதலில் பார்த்தேன். சின்னம்மாவின் பச்சைப் பானையிலிருந்து மீன் சாறு ஊற்றிக்கொண்டு வந்தாள். பச்சை, ஒரு காது உடைந்த பானை. என் முன்னால் நின்று, அத்தனை பேர் கேட்க, "இந்தத் தலையைப் பாருங்க, யாரோ மேல உக்காந்த பலாக்காய் மாதிரி. யாருக்கும் வேணாமா? சரி, வீணாப் போக வேணாம், நான் எடுத்துக்கறேன்" என்றாள். பந்தியே சிரித்தது. நான் பதிலுக்கு அவள் காலைச் சொன்னேன், வாத்துக்கால் என்று. அப்படி ஆரம்பித்தது.

அந்தப் பேச்சை உனைசி முதல் அத்தியாயத்தில் அப்படியே செனிமிலி வாயில் வைத்திருக்கிறாள். உலகமே அதைக் கேட்டுச் சிரித்தது. இப்போது அதே பேச்சைத்தான் அசிங்கம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தேவாலயத்தில் இன்று உனைசிக்கு ராஜ மரியாதை. போதகரின் மனைவி வாசேமதா அவளைக் கட்டிக்கொண்டாள். பாய் முடைய உட்காரும் பெண்களெல்லாம் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கதையை விளையாடுகிறவர்கள். எந்தப் பதிலைத் தொடுவது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

"எங்களுக்கு முதல் நாளே தெரியும்டி," என்றாள் வாசேமதா. "முறை இல்லாதவன் ஒரு பொண்ணை அப்படி வம்புக்கு இழுத்தா அவ அண்ணன்காரன் பல்லைப் பேத்துட மாட்டானா? நீ எப்ப சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தோம்."

உனைசி சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பிரிஸ்பேனிலிருந்து ஜோயல் கூப்பிட்டான். அவள் வேலையைப் பார்த்துக்கொள்கிற ஆள். நான் மீன் டப்பா திறந்துகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. நல்ல பையன்தான், குரலை உயர்த்துவதே இல்லை. ஒரே ஒரு வரி, உனைசி. உறவு இல்லை என்று ஒரு வரி போட்டால் போதும். விளையாடுகிறவர்கள் விட்டுப் போகிறார்கள், தினமும் போகிறார்கள் என்றான்.

உனைசி சொன்னாள்: "முறையை எடுத்துட்டா இவ்வளவு நாள் அவன் பேசினதெல்லாம் தெருப்பொறுக்கிப் பேச்சா ஆயிடும், ஜோயல். எங்க ஆளுங்க அப்படித்தான் பார்ப்பாங்க."

உங்க ஆளுங்க எத்தனை பேர் விளையாடறாங்க என்று கேட்டான். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

 அந்த வரியை எழுத மாட்டேன் என்றுவிட்டாள் உனைசி.

ஆகஸ்ட் 12, புதன்

மழை. ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

கம்பெனிக்காரர்களே அந்த வரியை எழுதிப் போட்டுவிட்டார்கள். உனைசி எனக்குப் படித்துக் காட்டினாள்.

இனோகே இரத்த உறவு இல்லையாம். அவனுடைய அம்மா அநாதையாம். செனிமிலியின் வீட்டில் எடுத்து வளர்த்தார்களாம். 'உன் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப் பிறந்த சகோதரிகளைப் போலவே வளர்ந்தார்கள்.' இதுதான் வரி.

சகோதரிகளைப் போல.

அப்படியென்றால் பிள்ளைகள் யார்? அண்ணன் தங்கை. நம்மூரில் குழந்தைகூடச் சொல்லும். அக்காள் தங்கை மக்கள் உடன்பிறந்தவர்கள். வளர்ந்த பிறகு முகம் பார்த்துப் பேசக்கூட மாட்டார்கள். அந்த இரண்டு பேரும் அதே அத்தியாயத்தின் கடைசியில் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். அதை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே பெயர் வருகிறது. எழுதியவர்: உனைசி.

வெளியூர்ப் பெண்களுக்கு மகிழ்ச்சி. நன்றி, நன்றி, இனி நிம்மதியாகக் காதலிப்போம் என்று கைபேசிக் குரல் படித்துக்கொண்டே போனது. நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தேவாலயப் பாயில் உனைசி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். சத்தமில்லாமல். வாசேமதா எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவள் எங்கள் வரிசைக்கு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

வெளியே ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "ஒரு வருஷமா எங்க அண்ணனையே முத்தம் குடுக்க வச்சிருக்கா. பொம்பளையா இவ?"

நான் சொல்லியிருக்கலாம், அவள் எழுதவில்லை என்று. சொன்னேன். பெயர் இருக்கே பெரியவரே என்றாள்.

பெயர் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். ஒப்பந்தத்தில் இருக்கிறது, எடுக்க முடியாது என்றான் ஜோயல். அடுத்த அத்தியாயத்தை அவள்தான் எழுத வேண்டும். இரண்டு பேரும் கப்பலில் ஒன்றாக வாழத் தொடங்குவது போல, எல்லோரும் மனம் குளிரும்படி.

சந்தைக்கு அவள் போவதில்லை. நான் போகிறேன். கீரை விற்கிறவள் என் பையில் போடும்போதே வேறு எங்கோ பார்க்கிறாள். காமினியேலி மட்டும் தினமும் வந்து வைதுவிட்டுப் போகிறான். நேற்று அவனும் வையவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போனான். அதுதான் பயமாக இருந்தது.

உனைசிக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. விட்டுவிடேன் அம்மா என்றேன்.

"விட்டா அந்த வரி என் வரியாவே நின்னுடும்ப்பா."

ஆகஸ்ட் 24, திங்கள்

எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், பாதியில் எழுந்து போகிறாள்.

ஆகஸ்ட் 29, சனி

நேற்று வெளியாகிவிட்டது. அனுப்பியதை ஜோயல் முழுதாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மாமன் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று மட்டும் தேடினானாம். வரவில்லை. சரி என்று போட்டுவிட்டான்.

இன்று நானே உட்கார்ந்து கேட்டேன். கைபேசி படித்தது, பதில்களை நான் தொட்டேன்.

செனிமிலி இன்ஜின் அறைக்குள் வருகிறாள். இனோகே தலை நிமிரவில்லை. நான் ஒரு பதிலைத் தொட்டேன், கேலிப் பேச்சு. அவன் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். மறுபடி தொடக்கத்துக்குப் போய் அடுத்த பதிலைத் தொட்டேன். கோபப் பேச்சு. அவன் சுவரைப் பார்த்து, 'சாப்பாடு தயாராக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிடுங்கள்' என்றான். மூன்றாவது பதில், அழுகை. அவன் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றான்.

எதைத் தொட்டாலும் அவன் பேசவில்லை. அண்ணன் என்று சொன்னார்கள். அண்ணனாகிவிட்டான்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் தங்கை கெலேரா நினைவுக்கு வந்துவிட்டாள். நான் முதன்முதலில் கப்பலேறியபோது மஞ்சள் துணியில் வேகவைத்த சேப்பங்கிழங்கு கட்டிக் கொண்டுவந்து படகுத்துறைக் கம்பத்தருகே வைத்தாள். கம்பத்திடம், "வழியில சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். கப்பல் திரும்பும்போது பார்த்தேன், அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை. இதை நான் உனைசியிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை, அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்தான், என் மூத்த மகன், இப்போது இல்லை.

செப்டம்பர் 1, செவ்வாய்

கைபேசிக் குரல் ஓயவில்லை. முதலில், கேம் பழுதாகிவிட்டது, எதைத் தொட்டாலும் இனோகே பேச மாட்டேன் என்கிறான் என்று முறையிட்டார்கள். பிறகு யாரோ நம்மூர்ப் பெண் அவர்களுக்கு விளக்கியிருக்கிறாள்: சகோதரிகள் பிள்ளைகள்னு நீங்கதானே ஆக்கினீங்க, எங்க ஊர்ல அண்ணன் இப்படித்தான் இருப்பான்.

அதற்குப் பிறகு வேறு மாதிரி வரத் தொடங்கியது. கதவுக்கு வெளியே நின்றானே, அதைப் பார்த்து ஏன் அழுதேன்னு எனக்கே தெரியல என்று ஒருத்தி. கேக் படங்களை அழித்தவளாம் இன்னொருத்தி: மாமா பையனாவே இருக்கட்டும், அவனைப் பேச வைங்க.

உனைசியிடம் சொன்னேன். "காலம் கடந்துபோச்சுப்பா," என்றாள்.

செப்டம்பர் 3, வியாழன்

ஜோயல் கூப்பிட்டான். இந்தத் தடவை அவன் குரல்தான் களைத்திருந்தது. இனோகேயைப் பேச வைக்க மேலே இருப்பவர்களுக்கு விருப்பமில்லை. பழைய சண்டை திரும்ப வரும். வழியில் ஒரு நிலவில் அவனை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடும். அதை வேறொருவர் எழுதுவார். உனைசிக்கு இனி வேலை இல்லை.

"அவன் பேசாத அந்தப் பதிமூணாவது அத்தியாயம் அப்படியே இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

இருக்கும் என்றான்.

"என் பேரு?"

ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றான்.

காமினியேலியிடம் சொன்னேன். "வானத்துலயும் நம்ம ஆளத்தான் பாதி வழியில இறக்கி விடறானுங்க," என்றான்.

செப்டம்பர் 13, ஞாயிறு

தேவாலயத்துக்கு நான் மட்டும் போனேன். உனைசி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் வாசேமதா வந்தாள், கையில் தேங்காய்ப் பாலில் வேகவைத்த சேம்பிலைப் பாத்திரம். உள்ளே வரச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"பெரியவரே, அவ இருக்காளா?"

"தூங்கறா."

"எழுப்ப வேணாம்." பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். "அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பாயில உக்காந்து எல்லாரும் ஒண்ணா பார்த்தோம். எதைத் தொடுறதுன்னு சண்டையே வரல. என் அண்ணன் வெளிநாட்டுக்குப் பட்டாளத்துல போனப்ப... சரி, அதை விடுங்க. இதை எழுதினவ கை அந்த வரிய எழுதியிருக்காது. நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாங்க கேக்கல."

சொல்லிவிட்டு எழுந்தாள். அடுத்த ஞாயிறு அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றாள். அவளே வந்து கூட்டிப் போவாளாம்.

நாளையிலிருந்து உனைசி பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாள். விடியுமுன் எழ வேண்டும். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, சின்னக் குழந்தை போலக் குறட்டை.

பாத்திரத்தை மூடி வைத்திருக்கிறேன். ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்.