அப்பா அம்பேல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நலம் என்று ஒரு வரி தெரிந்தால் நானும் நலம் என்று எழுதலாம். இரண்டு மாதமாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

நேற்று நம் வாண்டுவின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சலவைக் கடையில் பாதி தேய்த்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். "அப்பா எங்கேன்னு கேட்டா அம்பேல்னு சொல்றா, அது என்ன வார்த்தைங்க?" என்றார் டீச்சர்.

எல்லாம் நீங்கள் நடத்திய பாடம்தானே! கேஸ் தீர்ந்தால் அம்பேல், பொத்தான் தெறித்தால் அம்பேல், பத்தாம் தேதியே சம்பளம் அம்பேல். "கெட்ட வார்த்தை இல்ல டீச்சர், இருந்தது இல்லாமப் போனா அப்படிச் சொல்வோம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் வெளியூரில் வேலையாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களை அப்படிச் சொன்னது உங்கள் அண்ணன். போன வாரம் வந்து காபியைக் குடித்துவிட்டு, "தம்பி அம்பேல்தான், நீ உன் வழியப் பாரும்மா" என்றார், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. இது வீட்டு வாயாயிற்றே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதுகூட வாசலில் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். தண்ணீர் கேன் போடுகிறவர். தினமும் அவரிடம் அசடு வழிகிறேன்.

வேலை போய்விட்டதா? சொல்ல வெட்கமா? வேறு யாராவதா? படுத்தால் இதுதான் ஓடுகிறது. உங்கள் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பயம்.

பள்ளியிலிருந்து திரும்பும்போது, அப்பாவை அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன். "இனிமே சொல்ல மாட்டேம்மா, அது செல்லாதாம்" என்றாள். வகுப்பில் பிள்ளைகள் கூடித் தீர்ப்பே சொல்லிவிட்டார்களாம். விளையாட்டில் விலகுகிறவர்தான் தன் வாயால் அம்பேல் சொல்ல வேண்டுமாம். வேறு யார் சொன்னாலும் கணக்கில்லையாம். "அப்பா சொல்லவே இல்லல்ல? அப்ப ஆட்டத்துலதான் இருக்காரு" என்று குதித்துக்கொண்டே வந்தாள்.

விலகுவதென்றால் என்னிடம் நேரே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். வேலை போனதுதான் என்றால் வெறுங்கையோடு வாருங்கள், கதவு திறந்தே இருக்கிறது. எங்கிருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இன்னும் உங்கள்,
வாண்டுவின் அம்மா