நன்மை இறங்காத தொண்டை

15.9.2024, ஞாயிறு
இன்றும் சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. மூன்றாவது வாரம். போன மாதம் சாமியார் நாக்கில் வைத்த அப்பம் மேல் அண்ணத்தில் போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொண்டது. நன்மையில் பல் படக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எச்சிலும் இல்லையென்றால் எப்படிக் கரையும்? பீடத்துக்கு முன்னாலேயே இருமி — வேண்டாம், எழுதவே கூச்சம். ஆறு மாதமாக இப்படித்தான் வாய் காய்கிறது. சர்க்கரையும் இல்லை, பார்த்தாயிற்று.

18.9.2024
பக்கத்து வீட்டு ஆனி மேரி என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்: "இன்னா தனிஸ்லாசு, உன் வூட்ல நன்மை வாங்கறதில்ல? எதனா பாவமா?"

பாவம் இருந்தால் நன்மை வாங்கக் கூடாது, அதுதான் ஊர்க் கணக்கு. வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "பிப்ரவரில பொண்ணு செலினுக்குக் கல்யாணம். சம்பந்தி முன்னால நீ மட்டும் பெஞ்சிலயே குந்திகினு இருப்பியா? இன்னா தப்பு பண்ண, சொல்லிடுடி."

எச்சில் இல்லை என்றேன்.

"பேசறதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்! சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

28.9.2024
சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். கோபம், பொய் எல்லாம் சொல்லி முடித்து, எச்சில் கதையையும் சொன்னேன். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் குரல் வந்தது.

"இது பாவம் இல்லம்மா, வியாதி. கண்ணும் காயுதா?"

"வெங்காயம் உரிச்சாக்கூட தண்ணி வரல சாமி."

"பெரிய ஆஸ்பத்திரில மூட்டு டாக்டரப் பாருங்க. எங்க அக்காவுக்கும் இதான்."

வாய்க்கு மூட்டு டாக்டரா? சரி.

11.11.2024
ரத்தப் பரிசோதனையில் ஏதோ தெரிகிறதாம். இன்று சோதனைக்கு உதட்டுக்குள்ளிருந்து மிளகளவு சதை எடுத்தார்கள். பேசக் கூடாது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்கிறாள் செலின். கழுதை.

2.12.2024
பெயர் கிடைத்துவிட்டது. ஷோக்ரன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். தீராது, மருந்தோடு சமாளிக்கலாம்.

"பழைய வெள்ளைக்கார சாமியார் பேரு மாதிரி கீது" என்றார் இவர். பிறகு எங்கள் வில்லியனூர் பஸ் ஏறினோம். இறங்கும் வரை என் கையை விடவில்லை.

நான் அழுதேன், கண்ணீர் இல்லாமல். சந்தோஷத்தில்தான். இவ்வளவு ஆசையாக யாரும் ஒரு நோயை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க மாட்டார்கள்.

5.12.2024
நேற்றுவரை பாவம் செய்தவள். இன்று ஊருக்கு நான் வெறும் 'பாவம்'.

12.2.2025
செலின் கல்யாணப் பூசை. இரண்டு பக்கத்து ஜனமும் பார்க்க வரிசையில் போனேன். சாமியார் அப்பத்தை உடைத்து நகத்தளவு துண்டு வைத்தார். பின்னாலிருந்து இவர் கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில் நீண்டது. "மெதுவா முழுங்கு. யாரும் அவசரப்படல."

இறங்கியது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். பாட்டிலோடு என் பின்னாலேயே திரும்பி வந்த மனுஷன், தன் நன்மையை வாங்கவே இல்லை.