காலைக் குளிசை

ஐப்பசி, கேதாரகௌரி விரதத்தின் கடைசி வாரம், வியாழன் இரவு

இவருக்கு மத்தியானம் மூக்கால் வழிந்த இரத்தம் நிற்கவேயில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர், ஏதாவது குளிசையை நிறுத்தினாரா என்று கேட்டார்.

"இவ விரதம் துவங்கின நாள் தொட்டு வலிப்புக் குளிசையைக் காலமையில விட்டிட்டன். அது சாப்பாட்டோடதானே போடவேணும்," என்றவர் என்னைப் பார்த்தார். "நீர் எனக்காகப் பட்டினி கிடக்க, நான் மட்டும் பாண் சாப்பிடுறதே?"

விடிய முன்னமே நான் வேலைக்குப் போய்விடுவதால் இதைக் கவனிக்கவில்லை.

இரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தின் வேகத்தை வலிப்புக் குளிசைதான் அடக்கி வைத்திருந்ததாம். இரண்டுக்கும் சேர்த்தே அளவு வைத்திருந்தார்களாம். ஒன்று குறைய மற்றது மிஞ்சிவிட்டது. தலைக்குள்ளும் கசிகிறதா என்று முதல் ஸ்கேனில் தெளிவில்லை. காலையில் திரும்பவும் எடுப்பார்கள்.

தாதி சான்ட்விச்சும் குளிசையும் கொண்டுவந்தார்.

"முதல்ல நீர் சாப்பிடும்," என்றார் இவர்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

அவருடைய ஆயுளுக்காகப் பிடித்த விரதத்தை அவர் கட்டிலருகில் நின்றே முறித்தேன். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

வீடு வந்து இவ்வளவு நேரமாகிறது. சாமியறை விளக்கை ஏற்றவில்லை. இனி அவருக்காக நான் எதைச் செய்வது?