ரிஸ்கான் இன்னும் வாக்குக் கொடுக்கிறான்

காத்தான்குடி
நவம்பர் 12

அன்புள்ள தம்பி நிலோஜனுக்கு,

ரிஸ்கானின் ராத்தா, உனக்கும் அக்காவான ரிப்கா எழுதுகிறேன். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் இங்கே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. கனடாவுக்குக் கடிதம் எழுதுகிற காலமா இது என்று நீ சிரிக்கலாம். வட்ஸ்அப்பில் நான் அனுப்பியதையெல்லாம் நீ பார்த்திருக்கிறாய் என்று போன் காட்டுகிறது. பதிலை மட்டும் காணோம். கடிதமென்றால் நீ பார்த்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

விலாசம் வாங்கப் போன கிழமை வவுணதீவுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். மழை இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டது. உங்கள் வயல் வட்டையில் விதைப்பு முடிந்து பயிர் முளைத்து நிற்கிறது. உன் தங்கச்சி விதுர்ஷாவுக்கு வேலை கிடைத்ததை அம்மா வாய் நிறையச் சொன்னா. வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு சட்டி தயிரைக் கையில் தந்தா. வீடியோவில் உன்னைப் பார்த்தால் வற்றிப்போய் இருக்கிறாயாம். அவன் என்ன வேலை செய்கிறான் என்று என்னிடமே கேட்டா. நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரிந்துகொண்டு பொய் சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

வாப்பா கடையை நௌஷாட்டுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். சாரன் துணிக் கட்டுகளைத் தூக்கி வைக்க இடுப்பு விடுவதில்லை. காலையில் போய் ஒரு கதிரையில் இருந்து நௌஷாட்டுக்கு வியாபாரம் படிப்பித்துவிட்டு வருவார். பாவம் நௌஷாட், வாடகையும் கொடுத்து ஏச்சும் வாங்குகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் நிஸ்தார் மச்சான் கட்டாரில் வேலை செய்யும் இடத்துக்கு, கல்குடாவைச் சேர்ந்த சுதாகரன் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். நீயும் ரிஸ்கானும் செய்யத் தொடங்கிய கணினிக் கேமுக்கு இணையத்தில் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர். மச்சானின் ஊர் காத்தான்குடி என்று அறிந்ததும், ரிஸ்கான் என்று ஒருவரைத் தெரியுமா, இந்தக் கேம் எப்போதாவது வெளியே வருமா என்று கேட்டிருக்கிறார். அவன் என் பெண்சாதியின் தம்பி, டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி அடக்கி இரண்டு வருடமாகிறது என்று மச்சான் சொல்லியிருக்கிறார். சுதாகரன் நம்பவில்லை. போன மாதமும் அவர் எழுதினாரே என்று போனை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

மச்சான் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினார். எல்லாவற்றையும் வாசித்தேன், தம்பி.

நீங்கள் இருவரும் முதலில் என்ன சொல்லிப் பணம் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசையில்தானே எழுதினீர்கள். ஒரு தோணி, வாவியில் எங்கள் ஆற்றங்கரையிலிருந்து வவுணதீவுக் கரை வரைக்கும் ஒரு பயணம், அதில் ஏறி இறங்கும் சில ஆட்கள், அவர்களின் கதைகள். அவ்வளவுதான். இப்போது பார்த்தால் வாவி முழுவதும் வருகிறது. கல்குடாக் கடல் வருகிறது. வட்டைகளில் விதைப்பும் வெட்டும் அந்தந்தக் காலத்தில் நடக்கப்போகிறது. கரையோரத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் தங்கள் பாட்டுக்குப் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடிப்பார்களாம். போன மாதம் கதிரவெளியும் சேர்ந்துவிட்டது. எல்லாம் ரிஸ்கானின் பெயரில். இதைச் செய்கிறேன், அதையும் செய்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று அவன் எழுதிக்கொண்டே இருக்கிறான்.

கீழே பணம் போட்டவர்கள் எழுதியிருப்பதையும் வாசித்தேன். சிலர் மரியாதையாகக் கேட்கிறார்கள். சிலர் கள்ளன் என்று ஏசுகிறார்கள். விளையாட ஏதாவது ஒன்றைத் தாருங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பிள்ளை கெஞ்சியிருந்தது. நோர்வேயில் இருக்கும் ஒருவர், ரிஸ்கான் என்று ஓர் ஆள் உண்மையில் இருக்கிறாரா, இருந்தால் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு ரிஸ்கானின் பெயரில் நீ போட்டிருந்த பதிலைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். நான் இங்கேதான் இருக்கிறேன், வேலை கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய்.

நான் செய்த மடத்தனம், வாப்பா கேட்டாரென்று அதைச் சத்தமாக வாசித்தது. உம்மா குசினியிலிருந்து மாப் பிசைந்த கையோடு வந்து கதவடியில் நின்றா. எங்க இரிக்கானாம் என்று கேட்டா. 

அன்றிலிருந்து வாப்பா சரியாக இல்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஜனாஸா அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை. விமானம் ஏறப்போகிறேன், நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போனில் அழுதாய். எங்களில் அப்படி வைப்பதில்லை, தம்பி. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம். உனக்கு அவன் முகத்தைக் காட்டாமல் போனோமே என்று நான் இன்றைக்கும் கவலைப்படுகிறேன். பள்ளியில் தொழுகைக்கு முன்பு வாப்பா எழும்பி, எண்ட மகன் ஆருக்கும் ஏதும் குடுக்கக் கிடந்தா எனக்கிட்ட வாங்க, நான் பொறுப்பு என்று சொன்னாராம். எங்களில் அது வழக்கம். கடனோடு போனவனின் உயிர், அது தீரும்வரை நிம்மதியில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்கும் என்பது நம்பிக்கை. போனுக்கு ரீலோட் போட்ட காசு என்று ஒருவர் மட்டும் வந்தார். வாப்பா அந்த இடத்திலேயே கொடுத்தார். மகன் கடனில்லாமல் போனான் என்பதுதான் இவ்வளவு நாளும் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

இப்போது அதுவும் போய்விட்டது. வாக்கும் கடன்தான் என்கிறார். மௌத்தான புள்ள எப்படி, மகள், வாக்குக் குடுக்கான் என்று என்னிடம் கேட்கிறார்.  காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது படம் வரைந்தவர்களுக்கும் கணினிக்கும் போனது எங்களுக்குத் தெரியும். நீ கள்ளன் இல்லை. எந்தப் பள்ளியிலும் எந்தக் கோயிலிலும் வந்து அதை நான் சொல்லுவேன். ஆனால் மாதாமாதம் நீ அவன் பெயரில் ஒரு ஊரைக் கூட்டுகிறாய். அவனைப் பெரிய ஆளாக்குவதாக நீ நினைக்கிறாய். வாப்பாவுக்கு அது கபுறுக்குள் கிடக்கிறவனின் தலையில் நீ சுமை ஏற்றுவதாகத் தெரிகிறது.

ஏன் செய்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. கேம் முடிந்தால் அவனும் முடிந்துவிடுவான் என்று பயப்படுகிறாய். வேலை நடந்தால் அவன் பக்கத்துக் கதிரையில் இருப்பதுபோல இருக்கும். இரண்டு பேரும் டவுனில் கணினி படிக்கப் போன நாளிலிருந்து உங்களை நான் பார்த்தவள்தானே. ஆனால் எதுவரைக்கும் போவாய்? கதிரவெளிக்கு அங்கால் திருகோணமலை. கடல் முடிந்தால் வானத்தையும் சேர்ப்பாயா? எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. அவனை நாங்கள் ஒருதரம் பறிகொடுத்தோம். நீ அவனை அங்கே ஆட்கள் ஏசுவதற்கு நிற்பாட்டி வைத்திருக்கிறாய்.

அவன் செய்து முடித்தது கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தோணி, மழை, இரண்டு கரையும், சாரன் கட்டோடு ஏறுகிற வியாபாரி. தன்னைப் பார்த்துத்தான் வரைந்தானென்று வாப்பாவுக்குத் தெரியும். வயிற்றைக் குறைத்துப் போட்டிருக்கிறான் என்று அன்றைக்குக் குறை சொன்னவர், இப்போது அந்தத் துண்டை என் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அதைப் பணம் போட்டவர்களுக்குக் கொடுத்துவிடு. சின்னதுதான். ஆனால் அது அவன் வாக்குக் கொடுத்தது, அவன் கையால் செய்தது. மற்றதையெல்லாம் நீ சொன்னாய் என்று சொல்லு, உன் பெயரில் சொல்லு. அதற்குக் கீழே வாப்பா பள்ளியில் சொன்னதையும் போடு. நான் ரிஸ்கானின் தகப்பன் பதியுதீன், என் மகனிடம் உங்களுக்கு ஏதும் வரக் கிடந்தால் என்னிடம் கேளுங்கள், முடியுமானால் அவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பக்கத்தில் நானே எழுத நினைத்தேன். உன்னைத் தெரியாதவர்கள் முன்னால் உன்னைப் பொய்யனாக்க மனம் வரவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது நடப்பதில் உம்மாவுக்கு விருப்பம் இல்லை. வாப்பா பள்ளிக்குப் போன பிறகு மெதுவாக வந்து, இண்டைக்கு என்ன எழுதியிரிக்கான் என்று கேட்கிறா. உம்மாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய பிறகு நெற்றியில் முத்தம் கொடுத்தவ. அது நிலோஜன் எழுதுவது உம்மா என்று நேற்று நான் சொல்லிவிட்டேன். தெரியும் என்றா. ரிஸ்கான் இல்லையெண்டு எல்லாரும் சொல்லிட்டாங்க, அந்தப் புள்ள மட்டும் இன்னும் சொல்லல்ல, அவன் சொல்லாத வரைக்கும் எனக்குக் கொஞ்சம் கிடக்கு என்றா.

அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஊருக்கும் உலகத்துக்கும் எழுதுவதற்கு முன்பு உம்மாவுக்கு ஒருதரம் போன் எடு. ரிஸ்கான் மௌத்தாகிவிட்டான் என்று உன் வாயால் சொல்லு. அழுகை வந்தால் அழு. உம்மாவும் அழுவா. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இன்னும் அழவே இல்லையே, தம்பி.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். உம்மாவின் போன் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் ராத்தா
ரிப்கா