நிஜத்துக்கு ஒரு பாவாடை

11 ஆகஸ்ட் 1953, செவ்வாய்.

சக வக்கீல்களையெல்லாம் கேலி செய்கிற என் வாய், இன்று ஒரு குழந்தையின் வழக்கைத் தின்றுவிட்டது.

ராணிக்கு ஒன்பது வயது. கோர்ட்டேதான் அவளைக் காசிமேட்டில் தனம் என்பவளிடம் வளர்க்கக் கொடுத்தது. தனம் அவள் கையில் சூடு போட்டாள். அங்கிருந்து மீட்கத்தான் என் மனு. விசாரணை வரை சிறுவர் இல்லத்தில் வைத்திருந்தார்கள்.

கிழிசலோடு கோர்ட்டுக்கு வருவானேன் என்று காலையில் ஒரு சீட்டிப் பாவாடை வாங்கிப் போனேன். பேசாமல் கொடுத்திருக்கலாம். பயந்த குழந்தையைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று, "நிஜத்தைச் சொன்னால்தான் பாவாடை!" என்று உயரத் தூக்கிப் பிடித்து விளையாட்டுக் காட்டினேன். சிரிக்கத்தான் செய்தாள்.

எதிர் வக்கீல், பெண்டாட்டி புதுப் புடவை கட்டினால்கூடக் கவனிக்காத மனுஷன் என்று பேச்சு. இன்று பார்த்துவிட்டார்.

"பாவாடை யாரு குடுத்தா கண்ணு?"

"வக்கீலு நைனா."

"எதுக்கும்மா?"

"சூடு போட்டத கோர்ட்டாண்ட சொல்றதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து விளக்கம் சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. ஆசை காட்டிச் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எழுதி, மனுவைத் தள்ளினார்.

வராந்தாவில் தனம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வூட்டுக்கு வா. கீது உனக்கு."

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நெசத்ததானே நைனா சொன்னேன்?"

"ஆமாம்மா" என்றேன்.

இந்நேரம் அந்த வீட்டில் கதவைச் சாத்தியிருப்பார்கள்.