மாதாவுக்குத் துணையிருந்த விஜயம்மா

பாறசாலை,
சனிக்கிழமை காலை

பிரிய மகள் ரேஷ்மிக்கு,

தேவமாதாவின் காவலில் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் சுகமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை என்னால் முடியவில்லை. ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒன்பது நாள் நவநாள் ஜெபம் முடியும்வரை பிரஷர் மாத்திரையைத் தொடுவதில்லை என்று உன் ஜெபக்குழுவில் நேர்ந்துகொண்டதாக நேற்று சொன்னாய். நான் சத்தம் போட்டேன், அப்பாவுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், இதை முழுக்க வாசி.

ஜெபமாலை மாதம் அல்லவா, மாதா சுரூபம் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. மறுநாள் பாட்டுப் பாடி அடுத்த வீட்டில் கொண்டு வைக்கும்வரை விளக்கு அணையக்கூடாது, சுரூபத்தைத் தனியே விட்டு வீட்டார் வெளியே போகவும் கூடாது, உனக்குத் தெரிந்த முறைதான். செவ்வாய்க்கிழமை மேலவிளை ஷிஜா வீட்டு முறை. அவள் மகள் சானு வலிப்புக்கு மருந்து குடிக்கிற சின்னப் பிள்ளை. நம் பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவர் யோவான் முந்தின வாரமே ஷிஜாவிடம், மாதா வாற வீட்டில மருந்துக் குப்பி எதுக்கு, நம்பிக்கை வேணும் மக்கா என்று சொல்லி மருந்தை நிறுத்த வைத்திருக்கிறார். அவரோ தம் சர்க்கரைக்கு ஒரு வேளை தவறாமல் ஊசி போடுகிறவர்.

அன்று இரவு மன்றாட்டுமாலை ஜெபத்தின் பாதியில் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது, வாயில் நுரை. ஷிஜா வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். யோவான் கையை விரித்து மறித்து, மாதாவைத் தனியே விட்டுட்டுப் போகப்பிடாது, இது சோதனையாக்கும், முழங்காலில நில்லு என்றார். அதைவிட அருவருப்பு என்னவென்றால், கூடியிருந்தவர்கள் எழும்பாமல், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதை இன்னும் உரக்கச் சொன்னார்கள். என் முட்டுவலியோடு நான் பின்னாலிருந்து முண்டிக்கொண்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு விஜயம்மா நெற்றியில் சந்தனக் குறியோடு உள்ளே வந்துவிட்டாள். எடீ ஷிஜே, நீ பிள்ளையக் கொண்டு ஓடு, மாதாவுக்கு நான் துணையிருக்கேன், அவளும் பிள்ளை பெத்த ஒரு தள்ளையாக்கும், பிணங்கமாட்டா என்றாள். யோவான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எலே யோவானே, வழி மாறு, இல்லேங்கி முற்றம் தூக்குற வாரியலு எடுப்பேன் என்றாள். அவர் மாறினார். நம் தெரு சஜுவின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பிழைத்து நேற்று வீடு வந்தது. இன்னும் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. விஜயம்மா விடியும்வரை விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு சுரூபத்தின் முன்னால் இருந்திருக்கிறாள். அவள் தொட்டதற்குச் சுரூபத்தின்மேல் தீர்த்தம் தெளிக்க வேண்டுமாம், யோவான் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

உதாரணம் சொல்லாமல் நான் பாடம் நடத்தினதில்லை, உனக்கும் ஒன்று சொல்கிறேன். ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் மாதா என்ன செய்தாள்? கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருந்த இடத்திலேயே இருந்தாளா? பிள்ளையைப் பொதிந்து எடுத்துக்கொண்டு சூசையப்பரோடு எகிப்துக்குப் போனாள். அவளுடைய நம்பிக்கையை யார் குறை சொல்வார்? ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் வள்ளக்காரன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு துடுப்பை எடுக்கிறான், சிலுவை போட்டதால் துடுப்பு வேண்டாம் என்று இருந்தவனை நான் பார்த்ததில்லை. நீயும் சிலுவை போட்டுக்கொண்டு மாத்திரையை விழுங்கு மகளே.

நேர்ந்ததை முறித்தால் குற்றமாகுமோ என்று உன் மனம் அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். அந்த நேர்ச்சையை இன்று காலை உனக்குப் பதிலாக நான் ஏற்றெடுத்துவிட்டேன். நவநாள் முடியும்வரை எனக்குக் காப்பி கிடையாது, அம்மா இப்போதே என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். நாளை சுரூபம் நம் வீட்டுக்கு வருகிறது. விஜயம்மாவை முதலாவதாக அழைத்திருக்கிறேன், யோவான் வந்தால் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

மாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இன்றே உன் டாக்டரைக் கூப்பிட்டு, மாத்திரையை விட்டதை மறைக்காமல் சொல். பதிலுக்குப் போனில் கைகூப்புகிற படம் எனக்கு வேண்டாம். விழுங்கிவிட்டுக் கூப்பிடு, போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் அப்பா,
சுந்தரதாஸ்